ஒன்பதாவது குடில்

கைராசியக்காவுக்குச் சொந்தப் பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. அடையாள அட்டையில் படத்தோடு அச்சடித்துப் பத்திரமாக இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பாள். இருபது வருஷமாக அந்தச் சாலையில் எல்லோருக்கும் அவள் கைராசியக்காதான். கட்டின புருஷன்கூட, சண்டை வந்தால் பின்னால் இருக்கிற அக்காவை மட்டும் வெட்டிவிட்டு, “ஏய் கைராசி” என்பார்.

சாலையின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தாள் போர்த்திய குடில்கள். உள்ளே முழுக்கத் தக்காளி. குடில் போட்டவர்கள் ஒன்றும் லேசுப்பட்ட ஆட்கள் இல்லை. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடுவார்கள், உரத்தைத் தராசில் நிறுத்துப் போடுவார்கள், உள்ளே எத்தனை டிகிரி சூடு என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்கள். அப்பேர்ப்பட்டவர்கள் புது நாற்று இறக்குகிற அன்று மட்டும், “அக்கா, ஒரு எட்டு வந்து கையை வெச்சுட்டுப் போயிருங்க” என்று அவள் வாசலில் வந்து நிற்பார்கள். முதல் வரிசையை அவள் நட வேண்டும். மீதியை யார் வேண்டுமானாலும் நடலாம். அவள் வைத்த வரிசை சோடை போனதாகச் சரித்திரமே இல்லை.

அதில் பெரிய வித்தை ஏதும் கிடையாது. தட்டிலிருந்து நாற்றை வேர் மண் உதிராமல் எடுப்பாள். கழுத்துவரை மண் அணைத்து இரண்டு விரலால் ஓர் அழுத்து அழுத்துவாள். பொறுமையாகச் செய்தால் யாருக்கும் வரும். ஆனாலும் தேடி வருகிற பேரை வேண்டாமென்று சொல்ல அவளுக்கென்ன பைத்தியமா?

அந்த வருஷம் மழை ஓய்ந்த பிறகு அடித்த புழுக்கத்தில்தான் அவளுடைய இரண்டாவது குடிலில் கோளாறு தொடங்கியது. கடைசி வரிசையில் பக்கக் கிளைகளைக் கிள்ளிக்கொண்டு போனவள் ஒரு செடியின் முன்னால் நின்றுவிட்டாள்.

“என்னங்க, இங்க வந்து பாருங்க. கொழுந்துல தேமல் விழுந்தாப்புல இருக்கு.”

புருஷன் வந்து பார்த்தார். அவர் முன்பு தண்ணீர் மோட்டார் பழுது பார்த்தவர். எதையும் மோட்டாராகவே பார்க்கிற புத்தி இன்னும் போகவில்லை.

“சத்து ஏறல. அடைப்பு எங்கயாச்சும் இருக்கும். குழாயைக் கழட்டிப் பாக்குறேன்.”

“சத்துக் குறைஞ்சா கீழ் இலையில்ல முதல்ல மஞ்சளாகும்? இது உச்சியில இருக்கு. இலையும் பாருங்க, ஒடுங்கிப் போய் நூல் மாதிரி வருது.”

“எல்லாம் தெரிஞ்சவ என்னை எதுக்குக் கூப்பிட்ட?”

குழாயில் அடைப்பில்லை. பூச்சிமருந்துக் கடைக்காரர் இலையைக் கண்ணாடி வழியாக ஒரு நொடி பார்த்துவிட்டு, “வெள்ளை ஈ. வேறென்ன?” என்று ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார். தெளித்தார்கள். ஈ செத்தது, தேமல் சாகவில்லை. வேறு பாட்டில் வாங்கித் தெளித்தார்கள். ஒரு செடி இருபதாயிற்று.

அவள் சும்மா இருப்பாளா? விடிந்ததும் முதல் வேலையாக நோய்ச் செடிகளிடம் போய் நிற்பாள். வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அதைத்தானே முதலில் தொட்டுப் பார்ப்போம்? கெட்ட இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுப்பாள், சாய்ந்த தண்டை நிமிர்த்திக் கட்டுவாள், “தேறிடுவே, தேறிடுவே” என்று வாய்க்குள் முணுமுணுப்பாள். அதை முடித்துக்கொண்டு அப்படியே அடுத்த வரிசை, அதற்கடுத்த வரிசை. தக்காளிச் செடியில் வேலை செய்கிறவர்களின் விரல் கரும்பச்சையாக இருக்கும், சோப்புப் போட்டால் நுரை மஞ்சளாக வரும். யாராவது நடவுக்கு அழைத்திருந்தால் அந்தக் கரும்பச்சை விரலோடு அங்கேயும் ஓடுவாள். நடவெல்லாம் வெயில் ஏறுவதற்கு முன்னால்தான்.

பிறகு காயிலும் வந்தது. பழுக்கிற காயின் தோளில் பழுப்புத் திட்டு, தடவினால் சொரசொரப்பு. காய் ஏற்ற வந்த லாரிக்காரர் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்து, மற்றதைத் திறக்காமலே திருப்பி வைத்துவிட்டுப் போனார். அன்று சோற்றில் கை வைத்த புருஷன் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டு போகவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். ஒரு தோள்பை, ஒரு பெட்டி. வாசலிலேயே நிறுத்தி எல்லோருக்கும் காலுறையும் மேலங்கியும் கொடுத்தாள்.

“என் குடிலுக்குள்ள போக நான் வேஷம் கட்டணுமா?” என்றார் புருஷன்.

“கட்டித்தான் ஆகணும் சார். கையைப் பையில போட்டுக்கிட்டே வாங்க. ஒரு செடியையும் தொடாதீங்க.”

அந்தப் பெண் எதையும் தொடாமல் ஒவ்வொரு வரிசையாக நடந்தாள். தேமல் தெரிந்த செடிக்கு நேராகத் தரையில் ஒரு சிவப்புக் குச்சி குத்தினாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. முடித்துவிட்டுத் திரும்பி வாசலில் நின்று பார்த்தாள். கைராசியக்காவும் பார்த்தாள். கடைசி வரிசையில் ஆரம்பித்து, பக்கத்து வரிசையில் திரும்பி, அடுத்ததில் மடங்கி, குச்சிகள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. யாரோ நடந்து போன தடம் போல இருந்தது.

“பூச்சி பரப்பியிருந்தா இப்படி வராதுக்கா,” என்றாள் ஆய்வுக்கூடப் பெண். “கதவோரம் கொஞ்சம், கிழிசல் கிட்ட கொஞ்சம்னு திட்டுத் திட்டா விழுந்திருக்கும். இது வரிசை பிடிச்சு வருது. காலையில எந்தப் பக்கத்துல வேலையை ஆரம்பிப்பீங்க?”

“அந்தக் கடைசியில.”

“ஏன் அங்க?”

“முடியாத செடி அங்கதானே இருக்கு? அதை முதல்ல பாத்துட்டு...”

ஆய்வுக்கூடப் பெண் ஓர் இலைத் துண்டைச் சின்னப் பையில் போட்டு, ஒரு திரவத்தை ஊற்றி, பேனா மூடியால் தேய்த்துத் தேய்த்துக் கூழாக்கினாள். காகிதப் பட்டை ஒன்றை அதில் நிறுத்தினாள்.

“ஒரு கோடு விழுந்தா சோதனை ஒழுங்கா நடந்திருக்குன்னு அர்த்தம். ரெண்டாவது கோடு விழுந்தா நோய்.”

“எங்க வீட்டுல ரெண்டு கோடு விழுந்தன்னிக்கு நான் தெருவுக்கே மிட்டாய் குடுத்தேன் மேடம்,” என்றார் புருஷன். ஒருவரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

முதல் கோடு வந்தது. ஈரம் மெல்ல ஏறியது. இரண்டாவது கோடு இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. பிறகு சந்தேகமே வேண்டாம் என்று பட்டையாகச் சிவந்து நின்றது.

“இது வைரஸ். இதுக்கு மருந்து கிடையாது,” என்றாள் அந்தப் பெண். “கடையில எதை வாங்கித் தெளிச்சாலும் சாகாது. இதுக்கு ஈயும் வேணாம், காத்தும் வேணாம். செடியோட சாறு கையில பட்டா போதும். கத்தி, கயிறு, சட்டை எல்லாத்துலயும் ஒட்டிக்கிட்டு மாசக்கணக்கா உயிரோட இருக்கும். விதையோட வந்து ஒரு செடியில இருந்திருக்கும். மத்ததெல்லாம் கை கொண்டு போனது.”

“என் கைதான்,” என்றாள் கைராசியக்கா.

“யார் கையா இருந்தாலும் இதுதான் நடக்கும். நீங்க வேணும்னா செஞ்சீங்க? சரி, இப்ப முக்கியமான கேள்வி. போன ஒரு மாசத்துல வேற யார் குடிலுக்காவது போனீங்களா?”

புருஷன் மோட்டாரை நிறுத்தக் கிணற்றடிக்குப் போயிருந்தார். வாசலில் இவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். அவள் தன் கையைப் பார்த்தாள். இருபது வருஷமாக ஊர் கேட்டு வாங்கிக்கொண்ட கை.

“போனேன். முதல் வரிசை வைக்கக் கூப்பிட்டாங்க.”

“எத்தனை வீடு? சொல்லச் சொல்ல எழுதிக்கிறேன். பயப்படாதீங்க. இளஞ்செடியில பத்துப் பன்னெண்டு நாளைக்கு ஒண்ணும் வெளிய தெரியாது. அதுக்குள்ள யாரும் கிளை கிள்ளாம, செடியை நிமிர்த்திக் கயிறு கட்டாம இருந்தா, நீங்க வெச்ச வரிசையை மட்டும் பிடுங்கி எரிச்சுட்டா மத்தது தப்பிச்சுடும். கயிறு கட்டிட்டாங்கன்னா ஒவ்வொரு செடியிலயும் கை பட்டிருக்கும். அப்புறம் முழுக் குடிலும் போகும்.”

“வீட்டைச் சொன்னா என்ன பண்ணுவீங்க?”

“வாசல்ல சிவப்புப் பலகை வைப்போம். சோதனை முடியற வரைக்கும் ஒரு காய் வெளிய போகக்கூடாது, ஒரு ஆள் உள்ள வரக்கூடாது.”

அவள் சொன்னாள். பேக்கரிக்காரர் குடில். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அண்ணன் தம்பி இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கிற இரண்டு குடில். நர்ஸம்மா. பால்காரர். லாரிக்காரரின் மச்சினர். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் புதிதாக வந்திருக்கிற தம்பதி. எட்டு.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

ஒன்பதாவது குடில் அவளுடைய தங்கையுடையது.

ஏன் சொல்லவில்லை என்று அவளிடம் கேட்டால் அவளாலேயே ஒழுங்காகச் சொல்ல முடியாது. தங்கை தையல் ஆலையில் பதினோரு வருஷம் சட்டைக்குக் காலர் தைத்தவள். “போதும், குனிஞ்சு குனிஞ்சு கழுத்தே போச்சு” என்று வேலையை விட்டுவிட்டு முதல் முதலாகக் குடில் போட்டிருந்தாள். தங்கையின் புருஷனுக்கு அதில் இஷ்டமே இல்லை. “உங்கக்காவை நம்பி இறங்குற, பாத்துக்க” என்று நாளுக்கு நான்கு தடவை சொல்லுவார். நட்டுப் பத்து நாளாகாத குடில் வாசலில் சிவப்புப் பலகை என்றால் அந்த மனுஷன் வாய் சும்மா இருக்குமா? அங்கே வைத்த நாற்றில் ஒன்றும் இல்லாமலே போகலாம். அன்று கையைக் கழுவிக்கொண்டு போன மாதிரிதான் ஞாபகம். கழுவினாளா? சனிக்கிழமை கயிறு கட்டப்போவதாகத் தங்கை சொல்லியிருந்தாள். சனிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. அதற்குள் நேரில் போய், பக்குவமாக, பலகை கிலகை இல்லாமல் சொல்லிக்கொள்ளலாம். இப்படி ஏதேதோ நினைத்தாள். எல்லாவற்றுக்கும் அடியில் பயம் இருந்தது, வேறொன்றுமில்லை.

புதன்கிழமை சாலையில் செய்தி பரவியது. பேக்கரிக்காரர் போன் செய்தார்.

“அக்கா, உங்களை நல்லா நாலு கேள்வி கேக்கணும்னுதான் போனை எடுத்தேன். வாய் வரல. சோதனையில ரெண்டு கோடு வந்துடுச்சு. முதல் வரிசையைப் பிடுங்கி எரிச்சுட்டோம். மத்த வரிசை சுத்தம்னு சொல்லிட்டாங்க. நேரத்துல சொன்னீங்க, பொழச்சோம்.”

பால்காரர் வீட்டிலும் அப்படியே. நர்ஸம்மா வீட்டில் ஒன்றுமே இல்லை. வாத்தியார் மட்டும் பேசவில்லை. சாலையில் எதிரே வந்தவர் எதையோ மறந்துவிட்டவர் போலத் திரும்பி நடந்தார். நேரத்தில் சொன்னீர்கள், பிழைத்தோம் என்று ஒவ்வொருவர் சொல்லும்போதும் அவள் பேச்சைச் சீக்கிரம் முடிக்கப் பார்த்தாள். நேரத்தில் சொல்லாத வீடு ஒன்று இருக்கிறதே.

சொந்தக் குடில் இரண்டையும் ஆட்கள் வந்து வேரோடு பிடுங்கினார்கள். பச்சைத் தக்காளி கொத்துக் கொத்தாகக் குழிக்குள் விழுந்தது. அவள் அழவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கழுவினாள். பால் பவுடர் கரைத்த தண்ணீரில் கையை நனைத்தால் நோய் தொற்றாது என்று ஆய்வுக்கூடப் பெண் சொல்லியிருந்தாள். அதையும் செய்தாள். விரல் தோல் உரிந்து வெளுத்தது. கொடியில் துணி காயப்போடும்போது வேலியோரம் தானாக முளைத்திருந்த ஒரு தக்காளிக் கன்று புடவையில் உரசியது. பாம்பை மிதித்தவள் போலத் துள்ளி விலகினாள்.

வியாழக்கிழமை சாப்பிடும்போது புருஷன் கேட்டார்.

“சின்னவ வீட்டுலயும் சோதனை பண்ணாங்களா?”

“ம்.”

“என்ன சொன்னா?”

“என்ன சொல்லுவா? ஒரு வரிசையைப் பிடுங்கிட்டா.”

“பாவம். அவ புருஷன் குதிச்சிருப்பானே.”

“குதிச்சாரு.”

பொய் எப்படி இவ்வளவு சரளமாக வருகிறது என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த மனுஷனிடம் மளிகைக் கணக்கில்கூட அவள் பொய் சொன்னதில்லை. இனியும் தள்ளிப் போட்டால் தான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. வெள்ளிக்கிழமை விடிந்ததும் குளித்து, தோய்த்து வைத்த புடவையை உடுத்திக்கொண்டு கிளம்பினாள். ஒரு நாள் முன்னதாகத்தான் போகிறோம், கயிறு கட்டுவது நாளைக்குத்தான், ஒரு வரிசையோடு போய்விடும் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே நடந்தாள்.

தங்கை குடில் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக எழுந்தாள்.

“வாக்கா, வாக்கா! உனக்கு ஆயுசு நூறு. இப்பத்தான் நினைச்சேன். இரு, டீ போடுறேன்.”

“டீ வேணாம்டி. கொஞ்சம் பேசணும்.”

“பேசலாம், பேசலாம். முதல்ல உள்ள வந்து பாரு.” தங்கை கதவைத் திறந்துவிட்டாள். அக்கா வாசற்படியைத் தாண்டவில்லை. வெளியில் நின்றபடியே எட்டிப் பார்த்தாள்.

உள்ளே மேல்கம்பியிலிருந்து வெள்ளைக் கயிறுகள் தொங்கின. நேர் நேராக, இறுக்கமாக, ஒவ்வொரு செடியின் இடுப்பிலும் ஒரு சுற்று. வாசலிலிருந்து அந்தக் கோடிவரைக்கும்.

“நாளைக்குன்னுதானே சொன்ன?” என்றாள்.

“ஆமா. அப்புறம் உன் குடில்ல நோய்னு கேள்விப்பட்டேன். அக்காவே அரண்டு போய்க் கெடக்கா, இந்த நேரத்துல அவளை எதுக்கு அலைக்கழிக்கணும்னு நானே கட்டிட்டேன். புதன்கிழமை ஆரம்பிச்சு நேத்து சாயங்காலம் முடிச்சேன். ஒத்தை ஆளா! நீ செய்யிற மாதிரியே முதல் வரிசையில தொடங்கி, ஒரு செடி விடாம.”

கைராசியக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“உனக்குப் பயமா இல்லையாடி? நோய்னு கேள்விப்பட்டியே, நான் வந்து நட்டேனே?”

“பயந்தேன்க்கா, பயப்படாம என்ன? கையும் ஓடல, காலும் ஓடல. அப்புறம் பால்காரர் சொன்னாரு, நீ போன வீட்டுக்கெல்லாம் ஆய்வுக்கூடத்துலருந்து போன் போயிருச்சுன்னு. நான் அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் போனைக் கையிலயே வெச்சுட்டு உக்காந்திருந்தேன். எனக்கு வரல. அப்பத்தான் உயிரே வந்துச்சு. நம்ம வீட்டுக்கு ஒண்ணும் இல்லை, இருந்தா அக்கா சொல்லாம இருப்பாளான்னு கயித்தை எடுத்தேன்.”

முதல் வரிசையில் மூன்றாவது செடி. வாசலிலிருந்தே தெரிந்தது. கொழுந்தில் வெளிர் பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டு விழுந்திருந்தது. தெரியாதவர்கள் கண்ணுக்கு அது புது இலையின் பளபளப்பு. தங்கையும் அதைத்தான் பார்த்திருந்தாள்.

“அந்தக் கொழுந்தைப் பாரேன், எவ்வளவு அழகா வருது! நர்ஸம்மா வந்து பாத்துட்டு அசந்து போயிட்டாங்க. அவங்க குடில்ல மத்தியானம் கயிறு கட்டுறாங்களாம். ‘நீ பழகிட்டியே, ஒரு கை குடு’ன்னு கூப்பிட்டிருக்காங்க. சாப்பிட்டுப் போகணும்.”

நர்ஸம்மா குடில், சோதனையில் ஒன்றுமே இல்லையென்று வந்த குடில்.

“போகாதே,” என்றாள் கைராசியக்கா.

“ஏன்?”

அவள் போனை எடுத்தாள். இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள். மூன்றாவது தடவை ஆய்வுக்கூடப் பெண் எடுத்தாள். ஒலிபெருக்கியில் போட்டாளா, போடத் தெரியாமல் போட்டுவிட்டாளா தெரியாது. அந்தக் குரல் இரண்டு பேருக்கும் கேட்டது.

“சொல்லுங்கக்கா.”

“அன்னிக்கு எட்டு வீடு சொன்னேன். ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன்.”

“யார் வீடு?”

“என் தங்கச்சி வீடு.”

“கயிறு கட்டிட்டாங்களா?”

“கட்டிட்டா.”

“எத்தனை வரிசை?”

தங்கைதான் சொன்னாள். போனுக்கு அருகில் குனிந்து, ஆலையில் மேற்பார்வையாளருக்குக் கணக்குச் சொல்கிறவள் போல, “பதினாலு வரிசை மேடம். எல்லாத்தையும் நான்தான் கட்டினேன்” என்றாள்.

“ஒண்ணையும் தொடாதீங்க. எங்கயும் போகாதீங்க. ஒரு மணி நேரத்துல வர்றேன்.”

போன் அணைந்தது. தங்கை நிமிர்ந்தாள். முகத்தில் கோபம் இன்னும் வரவில்லை, வர வழி தெரியாமல் எங்கோ நின்றுகொண்டிருந்தது.

“எட்டு வீட்டைச் சொன்னப்ப என் வீடு மட்டும் உனக்கு ஞாபகம் வரலியாக்கா?”

“முதல்ல ஞாபகம் வந்தது உன் வீடுதான்டி.”

தங்கை அவளைப் பார்த்தாள். பிறகு தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டாள். விரலெல்லாம் கரும்பச்சையாக இருந்தது. அப்படியே விரித்த கையோடு, எதிலும் படாமல், தோளாலேயே கதவைத் தள்ளிக்கொண்டு குடிலுக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது. கைராசியக்கா வெளியே வெயிலில் நின்றாள். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வருமென்று காத்திருந்தாள், வரவில்லை.